கியூபாக்காரரும் ஈக்வடார்க்காரரும்: ஒரே பாதை, இரண்டு வரவேற்பு (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

அமெரிக்காவில் குடியேறிய ஸ்பானிஷ் பேசும் லத்தீன் அமெரிக்கர்களை எல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டிப் பேசுவது வழக்கம். மூட்டையைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பவர்களின் சம்பளம், வீடு, கடன், ஊருக்கு அனுப்பும் பணம் எல்லாமே நாட்டுக்கு நாடு மாறுகிறது. இங்கே இரண்டு நாட்டுக்காரர்களை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

ஏன் குறிப்பாகக் கியூபாவும் ஈக்வடாரும்?

இரண்டு நாட்டுக்காரர்களும் ஒரு கட்டத்தில் ஒரே வழியில் நடந்தார்கள் என்பதுதான் காரணம்.

2008-இல் ஈக்வடார் அரசு அநேகமாக எல்லா நாட்டவருக்கும் விசாவைத் தூக்கிவிட்டது. எங்கே போவதென்றாலும் விசாவுக்கு அல்லாட வேண்டியிருந்த கியூபாக்காரர்களுக்கு இது பெரிய வாய்ப்பு. ஹவானாவில் விமானம் ஏறி ஈக்வடார் தலைநகர் கீத்தோவில் இறங்கினார்கள். லா ஃப்ளோரிடா என்ற பகுதி கியூபாக்காரர்களின் பேட்டையாகவே மாறியது. சிலர் அங்கேயே தங்கிவிட்டார்கள். மற்றவர்கள் கொலம்பியா, பனாமா, மத்திய அமெரிக்கா, மெக்சிகோ என்று வடக்கே கிளம்பினார்கள். 2015 நவம்பரில் நிகராகுவா எல்லையை மூடியதும் கோஸ்டாரிகாவில் ஆயிரக்கணக்கான கியூபாக்காரர்கள் மாட்டிக்கொண்டார்கள். டிசம்பர் 1 முதல் கியூபாக்காரர்களுக்கு விசா கட்டாயம் என்று ஈக்வடாரும் சொல்லிவிட்டது.

அந்த வருடங்களில் டெக்சஸ் எல்லையில் நடந்ததைப் பாருங்கள். கியூபாக்காரர் லாரிடோ சாவடிக்கு நேராக நடந்துபோய் பாஸ்போர்ட்டை நீட்டுவார். விசாரணை முடிந்து, 'பரோல்' என்ற தற்காலிக அனுமதிச் சீட்டோடு வெளியே வருவார். ஒரு வருடம் கழித்து கிரீன் கார்டுக்கு விண்ணப்பிக்கலாம். அவருக்கு முன்பே அதே எல்லைக்கு வந்த ஈக்வடார்க்காரர் சாவடிப் பக்கம் தலைகாட்ட மாட்டார். இரவில், ஏஜென்ட் சொல்லும் இடத்தில், ஆற்றையோ பாலைவனத்தையோ கடப்பார். பிடிபட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். தப்பித்துப் போய்ச் சேர்ந்தால் இருபது வருடமானாலும் காகிதம் இல்லாமலே வேலை செய்வார்.

உழைப்பு, குணம், கலாச்சாரம் என்று நீட்டி முழக்குவதற்கு முன் இந்த ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் மீதி எண்கள் பாதி தானாகப் புரியும்.

எத்தனை பேர்? எங்கே இருக்கிறார்கள்?

2021 நிலவரப்படி கியூபா வம்சாவளியினர் சுமார் 24 லட்சம் பேர், ஈக்வடார் வம்சாவளியினர் 8 லட்சத்துக்குச் சற்று மேல். அமெரிக்காவில் பிறந்த பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இதில் சேர்த்தி.

கியூபாக்காரர்களில் மூன்றில் இரண்டு பங்கு ஃப்ளோரிடாவில், அதிலும் மயாமியைச் சுற்றி. ஹயலீயா என்ற ஊரில் வங்கி, மருத்துவர், மெக்கானிக் எல்லாவற்றையும் ஸ்பானிஷிலேயே முடித்துவிடலாம். ஈக்வடார்க்காரர்களில் பாதிக்கு மேல் நியூயார்க், நியூஜெர்சி மாநிலங்களில்தான். நியூயார்க் நகரத்துக் குயின்ஸின் ஜாக்சன் ஹைட்ஸ், கொரோனா பகுதிகள், நியூவார்க்கின் ஐயர்ன்பவுண்ட், கனெக்டிகட்டின் டான்பரி என்று போகும். மின்னசோட்டா மாநிலத்தின் மினியாபொலிஸிலும் கணிசமாக இருக்கிறார்கள்.

கியூபாக்காரர்கள் என்றாலே வசதியானவர்கள்தானே? வெறுங்கையோடு வந்து முன்னேறினார்கள் என்கிறார்களே?

வெறுங்கையோடு வந்தார்கள் என்பது உண்மை. ஆனால் வெறும் ஆட்களாக வரவில்லை.

1959 ஜனவரியில் ஃபிடல் காஸ்ட்ரோ ஆட்சிக்கு வந்தபின் முதல் மூன்று நான்கு வருடங்களில் கிளம்பியவர்கள் பெரும்பாலும் மருத்துவர்கள், வழக்கறிஞர்கள், ஆலை முதலாளிகள், வங்கி மேலாளர்கள், கணக்காளர்கள். சொத்தைக் கியூபாவிலேயே விட்டுவிட்டு வந்தார்கள். படிப்பு, தொழில் அறிவு, ஒருவரையொருவர் தெரிந்த பழக்கம், இதையெல்லாம் எந்த அரசும் பறிமுதல் செய்ய முடியவில்லை. பின்னாளில் கோகோ கோலாவின் தலைவரான ரொபெர்த்தோ கொய்சுவெத்தா இந்த அலையில் வந்தவர்தான். கையில் 40 டாலரோடு வந்தார் என்பார்கள். அவர் ஹவானாவிலேயே அதே கம்பெனியில் வேலை பார்த்த ரசாயனப் பொறியாளர், யேல் பல்கலைக்கழகத்தில் படித்தவர் என்பதை மேடைப் பேச்சுகளில் அவ்வளவாகச் சொல்வதில்லை.

இரண்டாவது, வரவேற்பு. பனிப்போர் காலம். கம்யூனிச நாட்டிலிருந்து தப்பி வருகிறவர் ஒவ்வொருவரும் அமெரிக்காவுக்கு ஒரு பிரசார வெற்றி. 1961-இல் கென்னடி அரசு கியூபா அகதிகளுக்கென்றே தனித் திட்டம் தொடங்கியது. மயாமியின் ஃப்ரீடம் டவர் கட்டடத்தில் பதிவு செய்துகொண்டால் மாத உதவித்தொகை, மருத்துவம், ஆங்கில வகுப்பு, வேறு ஊரில் வேலைக்கு ஏற்பாடு, பிள்ளைகளின் படிப்புக்குக் கடன் என்று கிடைத்தது. உபரி உணவுக் கிடங்கிலிருந்து டப்பா இறைச்சி, முட்டைப் பொடி, பெரிய பெரிய சீஸ் கட்டி. அந்தத் தலைமுறையைச் சேர்ந்த பாட்டிகளிடம் கேட்டால் டப்பா இறைச்சியை எத்தனை விதமாகச் சமைத்தோம் என்று இப்போதும் சொல்வார்கள். கியூபாவில் படித்த மருத்துவர்கள் அமெரிக்க உரிமம் பெறுவதற்கு மயாமி பல்கலைக்கழகம் தனி வகுப்பே நடத்தியது. இந்தத் திட்டத்துக்கு ஆன மொத்தச் செலவு 100 கோடி டாலரை நெருங்கும், அதுவும் அந்தக் காலத்துப் பணத்தில்.

மூன்றாவது, எனக்கு மிகவும் சுவாரசியமாகப் படுவது, கடன். 1960-களில் மயாமி வங்கிகளில் வேலைக்குச் சேர்ந்த கியூபா அதிகாரிகள் தங்கள் ஊர்க்காரர்களுக்கு அடமானம் எதுவும் கேட்காமல் கடன் கொடுத்தார்கள். "நீ ஹவானாவில் என்ன தொழில் செய்தாய், நாணயமானவன்தானா" என்பது அந்த அதிகாரிக்கே தெரியும். அந்தப் பெயர்தான் ஈடு. ஒரு சில ஆயிரம் டாலர் முதலில் பேக்கரி, மருந்துக்கடை, கட்டட கான்ட்ராக்ட் என்று தொடங்கினார்கள். 1970-களின் தொடக்கத்தில் இந்தப் பழக்கம் நின்றுபோனது. அதற்குப் பிறகு வந்த கியூபாக்காரர்களை இந்த அதிகாரிகளுக்கு ஹவானாவில் பழக்கமில்லை! நாட்டுப்பற்று என்பதைவிட முன்பழக்கம்தான் அங்கே வேலை செய்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

இதில் பெண்களின் பங்கை விட்டுவிடக் கூடாது. ஹவானாவில் வேலைக்காரி வைத்திருந்த குடும்பத்துப் பெண்கள் ஹயலீயாவின் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் தையல் மிஷினில் உட்கார்ந்தார்கள். நியூஜெர்சியின் யூனியன் சிட்டியில் எம்பிராய்டரி ஆலைகளுக்குப் போனார்கள். கணவர் உரிமத் தேர்வுக்குப் படிக்கும் வருடங்களில் வீட்டு வாடகை இவர்கள் கூலியிலிருந்துதான் போனது.

1966 சட்டம், 1966 சட்டம் என்கிறார்களே, அது என்ன?

கியூபர் சீரமைப்புச் சட்டம். 1966 நவம்பர் 2-ஆம் தேதி அதிபர் ஜான்சன் கையெழுத்திட்டது. அனுமதியோடோ பரோலிலோ அமெரிக்காவுக்குள் வந்த கியூபாக்காரர் இரண்டு வருடம் தங்கியிருந்தால் நிரந்தரக் குடியிருப்பு கேட்கலாம் என்றது. பின்னாளில் இரண்டு வருடம் ஒரு வருடமானது. துன்புறுத்தப்பட்டேன் என்று நிரூபிக்க வேண்டாம், ஸ்பான்சர் வேண்டாம், நாட்டு ஒதுக்கீட்டு வரிசையில் நிற்க வேண்டாம். எச்1பி விசாவில் வந்து கிரீன் கார்டுக்காகப் பத்துப் பதினைந்து வருடம் காத்திருக்கும் நம்மவர்கள் இதைப் படித்துப் பெருமூச்சு விடலாம்.

1994-இல் மிதவைகளில் 35,000 பேர் கிளம்பிவந்தபின் ஒரு திருத்தம் வந்தது. கடலில் பிடிபட்டால் திருப்பி அனுப்புவது, கரையில் கால் வைத்துவிட்டால் உள்ளே விடுவது. இதை 2017 ஜனவரி 12 அன்று ஒபாமா நிறுத்தினார். 1966 சட்டம் மட்டும் அப்படியே இருக்கிறது.

ஈக்வடாரில் புரட்சியோ போரோ இல்லையே. பிறகு ஏன் இவ்வளவு பேர் கிளம்பினார்கள்?

முதல் காரணம் தொப்பி என்றால் நம்புவீர்களா? உலகம் பனாமா தொப்பி என்று அழைப்பது உண்மையில் ஈக்வடாரின் தயாரிப்பு. அசுவாய், கன்யார் என்ற தெற்கு மலை மாகாணங்களில் வீட்டுக்கு வீடு தோகியா ஓலையில் தொப்பி பின்னினார்கள். ஏற்றுமதி முகவர்களுக்கு நியூயார்க்கோடு தொடர்பு இருந்தது. 1950-களிலும் 60-களிலும் அந்த வியாபாரம் படுத்தபோது, தொப்பி போன வழியிலேயே ஆட்களும் போனார்கள். முதலில் ஒன்றிரண்டு பேர், பிறகு தம்பி, மச்சான், பக்கத்து ஊர்க்காரன். 1980-களின் கடன் நெருக்கடியும், 1987 நிலநடுக்கத்தில் எண்ணெய்க் குழாய் உடைந்ததும் ஊர் ஊராகக் காலி செய்ய வைத்தன.

ஆனால் பெரிய அடி 1999-இல். எல் நினோ வெள்ளம், எண்ணெய் விலை வீழ்ச்சி, அடுத்தடுத்து வங்கிகள் திவால். மார்ச் மாதம் அதிபர் ஹமில் மவாத் வங்கிகளை மூடச் சொல்லி, மக்களின் சேமிப்பையும் முடக்கினார். ஒரு சாதாரணக் குடும்பத்தின் கணக்கைப் பாருங்கள். 1999 தொடக்கத்தில் ஒரு டாலர் ஏறத்தாழ 7,000 சுக்ரே (ஈக்வடாரின் அன்றைய நாணயம்). வங்கியில் 70 லட்சம் சுக்ரே வைத்திருந்தவரிடம் 1,000 டாலர் இருந்ததாக அர்த்தம். 2000 ஜனவரியில் நாடு டாலருக்கு மாறுவதாக அறிவித்தபோது நிர்ணயித்த விலை 25,000 சுக்ரே. அதே 70 லட்சம் இப்போது 280 டாலர். யாரும் திருடவில்லை, தீப்பிடிக்கவில்லை, காசு மட்டும் காணாமல் போனது. அறிவித்த சில நாட்களில், ஜனவரி 21 அன்று, மவாத் பதவி இழந்தார். அதற்கடுத்த சில வருடங்களில் லட்சக்கணக்கானோர் நாட்டைவிட்டுக் கிளம்பினார்கள்.

இப்படி வந்தவர்களை அகதி என்று எந்தச் சட்டமும் ஏற்கவில்லை. வங்கி விழுங்கிய பணத்துக்கு அடைக்கலச் சட்டத்தில் இடம் கிடையாது.

அண்மைய அலைக்கு வேறு காரணங்கள். கோவிட் அடி, அப்புறம் போதைக் கும்பல்களின் கொலைகள், கடைக்காரர்களிடம் மாமூல். 2024 ஜனவரியில் அதிபர் நொபோவா நாட்டில் 'உள்நாட்டு ஆயுத மோதல்' நடப்பதாகவே அறிவித்தார். 2021 செப்டம்பர் வரை மெக்சிகோவுக்கு விசா இல்லாமல் பறக்க முடிந்தது. அது நின்றபின் கொலம்பியாவுக்கும் பனாமாவுக்கும் இடையே உள்ள டாரியன் காடு வழியாக நடந்தார்கள். 2023-இல் மட்டும் 57,000-க்கும் மேற்பட்ட ஈக்வடார்க்காரர்கள் அந்தக் காட்டைக் கடந்தார்கள்.

பயணச் செலவுக்குப் பணம் எங்கிருந்து?

கந்துவட்டி. ஈக்வடாரில் அவர்களை சுல்கேரோ என்பார்கள். ஏஜென்ட் கேட்பது 10,000 டாலரிலிருந்து 20,000 டாலர் வரை. நிலப் பத்திரத்தையும் வீட்டுப் பத்திரத்தையும் வாங்கி வைத்துக்கொண்டு கொடுப்பார்கள்.

15,000 டாலர் கடன், மாதம் 3 சதவீதம் வட்டி என்று வைத்துக்கொள்வோம். வட்டி மட்டும் மாதம் 450 டாலர். குயின்ஸில் பகிர்ந்த அறைக்கு வாடகை, சாப்பாடு, கைபேசி, ரயில் கட்டணம் எல்லாம் போக இந்த 450-ஐ ஒதுக்கினாலும் அசல் அப்படியே நிற்கும். அசலையும் சேர்த்து அடைக்க இரண்டு மூன்று வருடம் ஓடிவிடும். வழியில் பிடிபட்டுத் திரும்பி வந்தால் கடன் நிற்கும், நிலம் போகும். ஆகவே திரும்ப அனுப்பப்பட்டவர் மறுபடி கிளம்புவதில் வியப்பில்லை. அந்தக் கடனை ஈக்வடார் கூலியில் அடைக்கவே முடியாது.

முதல் அலைக் கியூபாக்காரர் பூஜ்யத்தில் தொடங்கினார் என்றால் ஈக்வடார்க்காரர் மைனஸ் 15,000-இல் தொடங்குகிறார். ஒருவருக்குப் பழைய பெயரே ஈடாக இருந்தது, இன்னொருவருக்கு அப்பாவின் நிலம் ஈடு.

என்ன வேலை பார்க்கிறார்கள்?

ஈக்வடார் ஆண்களுக்குக் கட்டட வேலைதான் பிரதானம். கூரை போடுவது, சாரம் கட்டுவது, சுவர் இடிப்பது, செங்கல் வேலை. அடுத்தது உணவகச் சமையலறை, தோட்டப் பராமரிப்பு. பெண்களுக்கு வீடு சுத்தம் செய்வது, குழந்தை பார்த்துக்கொள்வது, தையல், நகப் பராமரிப்புக் கடை.

குயின்ஸில் ரூஸ்வெல்ட் அவென்யூவில், 7-ஆம் எண் ரயில் தலைக்குமேல் தடதடவென்று ஓடும் பாலத்தின் கீழே, காலை ஆறு மணிக்கே தள்ளுவண்டிகளில் பன்றி வறுவலும் மோத்தே என்ற அவித்த சோளமும் கிடைக்கும். கொஞ்ச தூரத்தில் கையில் கருவிப் பையோடு ஆட்கள் நிற்பார்கள். வேன் வந்து நிற்கும், கூலி பேசுவார்கள், ஏறிக்கொள்வார்கள். சாயங்காலம் பேசிய கூலியைக் கொடுக்காமல் ஏமாற்றினால் புகார் செய்யச் சட்டத்தில் இடம் உண்டு, ஆவணம் இல்லாதவருக்கும் உண்டு. ஆனால் முகவரியைக் கொடுத்துப் புகார் எழுதத் துணிகிறவர் எத்தனை பேர்? 2022-க்குப் பிறகு நியூயார்க் சுரங்க ரயிலில் முதுகில் குழந்தையைக் கட்டிக்கொண்டு மிட்டாய் விற்கும் பெண்களைப் பார்த்திருந்தால், அவர்களில் பலர் ஈக்வடார் மலைப் பகுதியிலிருந்து வந்தவர்கள்.

கியூபாக்காரர்கள் எல்லா மட்டத்திலும் பரவியிருக்கிறார்கள். மருத்துவம், வங்கி, ரியல் எஸ்டேட், அரசு வேலை, லாரி ஓட்டுவது, கட்டுமானம். முக்கியமான வித்தியாசம், புதிதாக வரும் கியூபாக்காரருக்கு முதலாளியும் கியூபாக்காரராக இருக்க வாய்ப்பு அதிகம். சம்பளம் பெரிதாக இருக்காது, சில சமயம் சுரண்டலும் உண்டு. ஆனால் தொழிலைக் கற்றுக்கொண்டு தனிக்கடை போடும் வழி திறந்திருந்தது. ஈக்வடார்க்காரர்களிலும் சொந்தமாகக் கட்டட கான்ட்ராக்ட் எடுக்கும் மேஸ்திரிகளும், பயண, பணப் பரிமாற்றக் கடைகள் நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனாலும் ஒரு நகரத்தின் வங்கியும் நகராட்சியும் தங்கள் கைக்கு வரும் அளவுக்கு அவர்கள் எங்கும் பெருகவில்லை.

சரி, நேரடியாகச் சொல்லுங்கள். யாருக்கு வருமானம் அதிகம்?

எதை அளக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அண்மைய ஆண்டுகளின் கணக்கெடுப்புகளில் குடும்ப வருமானத்தின் நடுப்புள்ளியைப் பார்த்தால் ஈக்வடார்க்காரர்களின் குடும்பங்கள் கியூபாக்காரர்களின் குடும்பங்களைவிடச் சற்று மேலேயே நிற்கின்றன. வறுமை விகிதத்திலும் இரண்டு சமூகங்களும் அருகருகேதான். கேட்பவர்கள் பலர் இதை நம்ப மறுப்பார்கள்.

காரணங்கள் ரகசியமில்லை. கியூபாச் சமூகம் வயதான சமூகம். நடுவயது 40-ஐ ஒட்டியிருக்கிறது, மற்ற லத்தீன் சமூகங்களைவிடப் பத்து வயது கூடுதல். மயாமியின் லிட்டில் ஹவானா பகுதியில் தனியாக வாழும் எண்பது வயதுப் பாட்டியும் ஒரு குடும்பம் என்று கணக்கில் வருவார், அவரது வருமானம் ஓய்வூதியமோ அரசு உதவியோதான். ஈக்வடார்க்காரர்களின் வீட்டில் அண்ணன், தம்பி, மச்சினன் என்று மூன்று பேர் சம்பாதிப்பார்கள். மூன்று கூலியும் சேர்ந்து ஒரு 'குடும்ப வருமானம்'. தவிர நியூயார்க் கூலி மயாமி கூலியைவிட அதிகம், வாடகையும் அப்படியே.

தலைக்கு இவ்வளவு என்று பிரித்தாலோ, சொத்து எவ்வளவு என்று பார்த்தாலோ படம் திரும்பிவிடும். சொந்த வீடு வைத்திருப்பதில் கியூபாக்காரர்கள் தெளிவாக முன்னால் இருக்கிறார்கள். 1970-களில் ஹயலீயாவில் வாங்கிய சின்ன வீடு இன்று பேரப்பிள்ளைக்குக் கல்லூரிச் செலவு. ஈக்வடார்க்காரர் தன் வீட்டை ஊரில் கட்டுகிறார்.

ஊருக்குப் பணம் அனுப்புவதில் யார் அதிகம்?

ஈக்வடாருக்கு 2023-இல் வந்தது சுமார் 540 கோடி டாலர், 2024-இல் 650 கோடி. உலகிலேயே அதிகமாக வாழைப்பழம் ஏற்றுமதி செய்யும் நாடு அது, ஆனால் வாழைப்பழத்தைவிட ஆட்களால் வரும் பணம் அதிகம். பெரும்பகுதி அமெரிக்காவிலிருந்து. அங்கும் டாலரே நாணயம் என்பதால் அனுப்பிய நோட்டு அப்படியே செலவாகும், மாற்று விகிதத்தில் நஷ்டமில்லை. அசுவாய், கன்யார் கிராமங்களில் மலைச்சரிவில் மூன்று மாடிக் கான்கிரீட் வீடுகள் நிற்கின்றன, கண்ணாடி ஜன்னல், இரும்புக் கேட், கார் நிறுத்த இடம். உள்ளே பெரும்பாலும் தாத்தா பாட்டியும் ஒன்றிரண்டு பேரப்பிள்ளைகளும், அல்லது பூட்டு.

கியூபாவுக்குப் பணம் அனுப்புவது ஒரு தனிக் கலை. டாலர் வைத்திருப்பதே 1993 வரை அங்கே குற்றம். அமெரிக்கத் தடைகள் ஒரு பக்கம், கியூபா அரசின் விதிகள் இன்னொரு பக்கம். 2020 நவம்பரில் வெஸ்டர்ன் யூனியன் அலுவலகங்கள் மூடப்பட்டன, 2023-இல் திறந்தன, 2025-இல் மறுபடி நின்றன. ஆகவே பணம் 'மூலா' எனப்படும் ஆட்கள் மூலம் பையில் போகிறது. அல்லது மயாமியில் உட்கார்ந்தபடி இணையக் கடையில் கோழி, எண்ணெய், அரிசி என்று ஒரு பொதி வாங்கினால் ஹவானாவில் அம்மா வீட்டு வாசலில் இறங்குகிறது. இதனால் மொத்தத் தொகையை நம்பகமாகச் சொல்ல ஆள் இல்லை. முதல் அலைக்காரர்களில் பலர் கொள்கையாகவே அனுப்ப மறுத்தார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காஸ்ட்ரோவுக்குப் போகும் காசு என்பது அவர்கள் வாதம். 1980-க்குப் பின் வந்தவர்களுக்கு அம்மா அங்கே இருக்கிறார், வாதம் செல்லாது.

1980-இல் ஒரே வருடத்தில் லட்சம் பேர் வந்தார்களாமே, அப்போது மயாமியில் கூலி விழவில்லையா?

கியூபாவின் மரியேல் துறைமுகத்திலிருந்து ஏப்ரல் முதல் அக்டோபர் வரை சுமார் 1,25,000 பேர் படகுகளில் வந்தார்கள். மயாமியின் தொழிலாளர் எண்ணிக்கை திடீரென்று 7 சதவீதம் கூடியது. பின்னாளில் நோபல் பெற்ற பொருளியலாளர் டேவிட் கார்டு 1990-இல் இதை ஆராய்ந்து, மற்றவர்களின் கூலியில் குறிப்பிடத்தக்க பாதிப்பு இல்லை என்றார். ஹார்வர்டின் ஜார்ஜ் போர்ஹாஸ், அவரே கியூபாவில் பிறந்தவர், பள்ளிப் படிப்பை முடிக்காதவர்களின் கூலி நன்றாகவே விழுந்தது என்று பிறகு மறுத்தார். அவர் எடுத்த மாதிரி மிகச் சிறியது என்று மற்றவர்கள் அவரை மறுத்தார்கள். சண்டை இன்னும் ஓயவில்லை. என் கணக்கில் கார்டு பக்கம்தான் எடை அதிகம்.

நிறமும் இனமும் இதில் வருகிறதா?

வராமல் இருக்குமா? முதல் அலைக் கியூபாக்காரர்கள் பெரும்பாலும் வெள்ளை நிறத்தவர். மரியேலில் கறுப்பர்களும் கலப்பினத்தவரும் கூடினார்கள், கூடவே பத்திரிகைகளின் தொனியும் மாறியது. ஈக்வடார்க்காரர்கள் பெரும்பாலும் மெஸ்டிசோ, அதாவது ஐரோப்பியரும் பழங்குடியினரும் கலந்த வம்சம். கிச்வா பேசும் பழங்குடியினரும் உண்டு, அவர்களில் சிலருக்கு ஸ்பானிஷே இரண்டாம் மொழி. நீதிமன்றத்தில் ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பாளரைக் கொடுத்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பார்கள்.

ஸ்பெயினிலும் ஈக்வடார்க்காரர்கள் நிறைய உண்டே. அங்கே எப்படி?

அந்த ஒப்பீடுதான் கண்ணைத் திறக்கும். 1999-க்குப் பிறகு ஸ்பெயினுக்கு விசா தேவையில்லாததால் லட்சக்கணக்கில் போனார்கள். முதலில் பெண்கள், முதியோரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு. 2003 ஆகஸ்டில் விசா வந்தது. 2005-இல் அங்கே பதிவானவர்கள் 5 லட்சத்தை ஒட்டியிருந்தார்கள். அதே வருடம் ஸ்பெயின் அரசு, வேலை ஒப்பந்தம் காட்டுகிறவர்களுக்கு ஆவணம் வழங்கியது. அதிகம் விண்ணப்பித்தவர்கள் ஈக்வடார்க்காரர்கள். லத்தீன் அமெரிக்கர்களுக்கு இரண்டு வருடச் சட்டபூர்வ வசிப்பிலேயே குடியுரிமை கேட்கும் உரிமை உண்டு. அதே மலைக் கிராமம், அதே தலைமுறை. நியூயார்க் போன தம்பி இருபது வருடமாக ஒளிந்து வாழ, மாட்ரிட் போன அக்கா ஐரோப்பியப் பாஸ்போர்ட்டோடு கோடை விடுமுறைக்கு ஊருக்கு வந்துபோனார்.

காகிதம் கிடைத்ததால் வங்கிக் கடனும் கிடைத்தது, வினையும் அங்கே வந்தது. வீட்டு விலை உச்சத்தில் இருந்தபோது வாங்கினார்கள். ஒருவர் கடனுக்கு இன்னொருவர் ஜாமீன், அவர் கடனுக்கு இவர் ஜாமீன். 2008-இல் கட்டுமானத் தொழில் சரிந்ததும் வரிசையாக விழுந்தார்கள். ஸ்பெயின் சட்டப்படி வீட்டை வங்கிக்கு ஒப்படைத்தாலும் மீதிக் கடன் தீராது. 2009-இல் பார்சிலோனாவில் தொடங்கிய அடமானக் கடனாளிகள் இயக்கத்தில் ஈக்வடார்க்காரர்கள் முன்வரிசையில் நின்றார்கள். சிலர் ஊர் திரும்பினார்கள், சிலர் ஸ்பானிஷ் பாஸ்போர்ட்டோடு லண்டன் போய்த் துப்புரவு வேலை செய்தார்கள்.

2021-க்குப் பிறகு வந்த கியூபாக்காரர்களுக்கும் அதே சலுகைதானா?

இல்லை, இங்கேதான் இரு சமூகங்களும் நெருங்குகின்றன. 2021 நவம்பரில் நிகராகுவா கியூபாக்காரர்களுக்கு விசாவை நீக்கியது. அடுத்த இரண்டு வருடங்களில் மரியேலையும் 1994-ஐயும் சேர்த்தாலும் எட்டாத எண்ணிக்கையில் வந்தார்கள். வீட்டை விற்றும் கடன் வாங்கியும் வந்தவர்கள் ஏராளம். எல்லையில் பலருக்குப் பரோல் கொடுக்கவில்லை, ஐ-220ஏ என்ற விடுவிப்புப் படிவத்தைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். அது பரோல் ஆகாது, ஆகவே 1966 சட்டம் பொருந்தாது என்று 2023-இல் குடியேற்ற மேல்முறையீட்டு வாரியம் சொல்லிவிட்டது. பக்கத்துப் பக்கத்தில் நின்ற இரண்டு கியூபாக்காரர்களில் ஒருவருக்கு ஒரு படிவம், மற்றவருக்கு வேறு படிவம். ஒருவர் இன்று கிரீன் கார்டோடு லாரி ஓட்டுகிறார், மற்றவர் அடைக்கல வழக்குத் தேதிக்காகக் காத்திருக்கிறார். இந்த இரண்டாமவரின் கூலியும் கவலையும் குயின்ஸின் கொரோனா பகுதியில் நிற்கும் ஈக்வடார்க்காரரின் கூலி, கவலைதான். நாடு மாறவில்லை, குணம் மாறவில்லை, படிவம் மாறியது.

2025-இல் நிலைமை எப்படி மாறியது?

2023-இல் தொடங்கிய, கியூபா உள்ளிட்ட நான்கு நாட்டவருக்கான பரோல் திட்டத்தை டிரம்ப் அரசு 2025 மார்ச்சில் முடித்துக்கொண்டது, மே மாதம் உச்ச நீதிமன்றமும் தடுக்கவில்லை. ஜூனில் கியூபாக்காரர்களுக்குப் பகுதி பயணத் தடை வந்தது. மயாமியில் டிரம்புக்கு வாக்களித்த குடும்பங்களிலேயே மருமகன் வழக்கறிஞரைத் தேடி ஓடும் நிலை.

ஆனாலும் பழைய சலுகையின் மிச்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஜூலை 2025 வரிச் சட்டம் உணவு உதவியைப் பெரும்பாலான அகதிகளிடமிருந்தும் பறித்தது. தப்பிய சிறு பட்டியலில் 'கியூபா, ஹைத்தி வருகையாளர்கள்' என்ற பிரிவு இருக்கிறது. ஈக்வடார்க்காரர்களுக்குத் தற்காலிகப் பாதுகாப்பு அந்தஸ்து வேண்டும் என்று வருடக்கணக்காகக் கேட்டும் எந்த அதிபரும் கொடுத்ததில்லை. நாடு கடத்தும் விமானத்தை ஈக்வடார் வழக்கமாக ஏற்றுக்கொள்கிறது என்பதால் அவர்களை அனுப்புவது எளிது. அதே வரிச் சட்டத்தின்படி, ரொக்கமாகக் கொடுத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் பணத்துக்கு 2026 ஜனவரி முதல் 1 சதவீதம் வரி. வங்கிக் கணக்கிலிருந்தோ அமெரிக்க அட்டையிலிருந்தோ அனுப்பினால் வரி இல்லை. கணக்கு இல்லாதவர் கையிலிருந்துதான் அது போகும்.

நானே எண்களைத் தேடிப் பார்க்கிறேன். எதில் ஏமாறக் கூடாது?

அமெரிக்கக் கணக்கெடுப்பு அலுவலகத்தின் ஆண்டு ஆய்வில் 'வம்சாவளி' என்று ஒரு அட்டவணை, 'பிறந்த நாடு' என்று இன்னொரு அட்டவணை இருக்கும். முதலாவதில் மயாமியில் பிறந்த மூன்றாம் தலைமுறை வழக்கறிஞரும் கியூபாக்காரர். இரண்டாவதில் போன வருடம் வந்தவரும் அறுபது வருடத்துக்கு முன் வந்தவரும் ஒரே வரியில். முடிந்தால் வந்த வருடத்தை வைத்துப் பிரித்துப் பாருங்கள். குடும்ப வருமானம் என்று கண்டால் அந்த வீட்டில் எத்தனை பேர் சம்பாதிக்கிறார்கள் என்று கேளுங்கள். மயாமி வாடகையையும் குயின்ஸ் வாடகையையும் கழித்துவிட்டு ஒப்பிடுங்கள். ஈக்வடார்க்காரர்களின் எண்ணிக்கை எப்போதும் குறைவாகவே பதிவாகும் என்பதை நினைவில் வையுங்கள். பத்துப் பேர் தங்கியிருக்கும் அடித்தள வீட்டில் கணக்கெடுப்பாளர் கதவைத் தட்டினால் திறப்பவர் குறைவு. வீட்டு அடமானம் தவிர வேறு கடனைக் கேட்கும் கேள்வி அந்த ஆய்வில் கிடையாது, சுல்கேரோவின் வட்டி எந்த அட்டவணையிலும் வராது.